வீட்டுக்கொரு கைத்தொழில்: லேசர் இயந்திரம் வாங்கலாமா?



இம்முறை ஒரே கடிதம் நம் பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. பேராக் மாநிலத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவருக்கு 55 வயது நிறைந்து சேமநிதிப் பணம் கைக்கு வந்திருக்கிறது. தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்து அடுக்குமாடியில் வாடகைக்குப் போகப் போகிறார்கள். மூத்த மகன், சீனாவிலிருந்து லேசர் இயந்திரம் ஒன்றைத் தருவித்துப் பெயர்ப்பலகை, கல்யாண அலங்காரம், பள்ளிக்கூடப் பரிசுக் கேடயம் எல்லாம் செய்து விற்கலாம் என்கிறாராம். விலை 9,800 வெள்ளி. "கொடுக்கலாமா அண்ணா? அப்பாவின் பணம் இது ஒன்றுதான்" என்று கேட்கிறார்.

கொடுக்கலாம் சகோதரி. ஆனால் இந்த மாதம் கொடுக்க வேண்டாம். 2025-இல் 1,700 வெள்ளியான குறைந்தபட்சச் சம்பளத்தில் கணக்குப் போட்டாலும் அது ஏறக்குறைய ஆறு மாத உழைப்பு. தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

லேசர் என்பது ஒரே திசையில், ஒரே நிறத்தில் கூட்டிப் பிடித்த ஒளி. 1960-இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒளிர வைத்தார்கள். மரத்தையும் பெர்ஸ்பெக்ஸையும் அறுக்கும் கரியமிலவாயு லேசரை 1964-இல் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிரத்தில் பிறந்த குமார் பட்டேல். நம்மவர் மூளையில் பிறந்த பொருளைத்தான் இன்று ஷான்டோங் மாநிலத்து ஜினான், லியாவ்செங் நகரங்களில் பெட்டி பெட்டியாகச் செய்து அனுப்புகிறார்கள்.

இதில் மூன்று வகை உண்டு. கண்ணாடிக் குழாயுடன் வருவது கரியமிலவாயு லேசர். மரம், பெர்ஸ்பெக்ஸ், தோல், துணி, அட்டை எல்லாம் அறுக்கும். வெறும் உலோகத்தை அறுக்காது. நீல ஒளி வீசும் டையோடு லேசர் சிறியது, விலை குறைந்தது. மெல்லிய பலகையை அறுக்கும். ஆனால் நிறமில்லாத பெர்ஸ்பெக்ஸை அறுக்காது, ஒளி அதனூடே போய்விடும். மூன்றாவதான ஃபைபர் லேசர் உலோகத்தில் எழுத்துப் பொறிக்க ஏற்றது. தம்பி பெர்ஸ்பெக்ஸில் பெயர்ப்பலகை செய்ய நினைப்பதால் அவருக்கு வேண்டியது முதல் வகைதான். விற்பவன் காட்டும் படத்தில் இரும்புத் தட்டும் மரமும் கண்ணாடியும் சேர்ந்து கிடந்தால் மயங்க வேண்டாம்.

டையோடு வகையில் "40 வாட்" என்ற எழுத்தை நம்பி ஏமாந்தவர்கள் பலர். மின்சாரம் இழுப்பது 40 வாட், ஒளியாக வெளியே வருவது ஐந்து வாட் அளவே என்று பல மலிவுச் சாமான்கள் உண்டு. ஒளியின் வாட் எவ்வளவு என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இனி விலைக்கு வருவோம். அந்த 9,800 எந்த இடத்து விலை? காகிதத்தில் எஃப்.ஓ.பி. என்றிருந்தால் சீனத் துறைமுகத்தில் கப்பலேற்றும் வரைக்கும்தான். சி.ஐ.எஃப். என்றால் கிள்ளான் துறைமுகம் வரை. அதற்குப் பிறகு வரி, துறைமுகக் கூலி, சுங்க ஏஜெண்டின் கூலி, லாரி வாடகை, தூக்கி இறக்குபவர் கூலி எல்லாம் உங்கள் தலையில். ஆசியான்-சீன உடன்பாட்டின்படி இறக்குமதி வரியில் சலுகை பெற "ஃபார்ம் இ" என்ற சான்று வேண்டும். அதைத் தருவாயா என்று பணம் கட்டுமுன்பே கேட்க வேண்டும். விற்பனை வரி வேறு கணக்கு. ஏஜெண்டு ஒருவரிடம் மொத்தச் செலவையும் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்ன கணக்கு வாசலுக்கு வரும்போது மாறிவிடும்.

சகோதரி, நம் ஊர் வெயிலை சீனத்து வியாபாரி நினைத்துப் பார்ப்பதில்லை. லேசர் குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது சூடேறினால் ஒளி மங்கும், குழாயின் ஆயுள் குறையும். இயந்திரத்தோடு சி.டபிள்யூ-3000 என்ற பெட்டியை இனாமாகத் தருவதாகச் சொல்வார்கள். அதில் காற்றாடி மட்டுமே உண்டு. அறையின் வெப்பத்தைவிடத் தண்ணீரைக் குளிர வைக்க அதனால் முடியாது. அறையே 32 பாகை இருக்கும்போது அது என்ன செய்யும்? குளிர்பெட்டியைப் போல் கம்பிரசர் உள்ளது சி.டபிள்யூ-5000. நமக்கு அதுதான் வேண்டும். அதற்குத் தனி விலை.

குழாயோ கண்ணாடி. வழியில் உடையலாம், உடையாமல் சும்மா கிடந்தாலும் நாளாக ஆக வீரியம் குறையும். அதன் மேல் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டி வந்ததும் பிரிப்பது முதல் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். பழுதென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று தம்பி எண்ணியிருக்கக்கூடும். அந்தத் தீர்ப்பாயம் வீட்டு உபயோகத்துக்குப் பொருள் வாங்குபவருக்கானது. தொழில் செய்ய வாங்கிய இயந்திரத்துக்கு அங்கே வழி கிடைக்காது. கடல் கடந்த வியாபாரியை இங்கே கூப்பிடுவது எப்படி? ஆகவே சில ஆயிரம் கூடினாலும், உள்ளூரில் கடை வைத்து, குழாயும் லென்சும் கையிருப்பு வைத்து, பழுது பார்க்க ஆள் அனுப்புபவரிடம் வாங்குவதே என் விருப்பம். அவரும் சீனத்துச் சாமானைத்தான் விற்பார். கூடுதல் பணம் அந்த ஆளுக்காக.

அடுக்குமாடிக்குப் போகிறீர்கள் என்று படித்ததும் எனக்குக் கவலை வந்தது. 60-க்கு 90 சென்டிமீட்டர் மேசையுள்ள இயந்திரம் வாசற்கதவில் நுழையுமா, மின்தூக்கியில் ஏறுமா என்று முதலில் அளந்து பாருங்கள். நுழைந்தாலும் புகை எங்கே போகும்? பெர்ஸ்பெக்ஸ் அறுக்கும் வாடை அண்டை வீட்டார் சாப்பாட்டுத் தட்டு வரை போகும். அதைவிட மோசம், ரெக்சினும் பேனர் துணியும். அவற்றிலுள்ள பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு கிளம்பும். பால் உறைய வைக்கும் ஆசிட் மூக்கில் ஏறியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இது அதைவிடக் கொடியது, நெஞ்சையும் அரிக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். குழாயில் பல்லாயிரம் வோல்ட் பாய்வதால் எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்க்க வேண்டும். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். மூடியைத் திறந்து வைத்து ஓட்டக் கூடாது. ஓடும்போது விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக் கூடாது. பெர்ஸ்பெக்ஸ் தீப்பிடித்து எரியும். சின்னப் பிள்ளைகள் படுக்கும் வீட்டில் இது வேண்டாம். கீழே சிறிய கடையறை கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். அதன் வாடகையையும் கணக்கில் சேருங்கள்.

அதற்குள் தம்பி செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. அறுக்கும் இயந்திரம் வைத்திருக்கும் கடைகள் ஈப்போ போன்ற பட்டணங்களில் உண்டு. கூலிக்கு அறுத்துத் தருவார்கள். தம்பி கணினியில் வரைந்து, கடையில் அறுத்து வாங்கி, விற்றுப் பார்க்கட்டும். ஆறு மாதம் ஒரு நோட்டில் எழுதட்டும்: யார் வாங்கினார், எவ்வளவு தந்தார், கடைக்காரருக்குப் போனது எவ்வளவு. அந்தக் கூலி மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால் சொந்த இயந்திரம் வாங்கக் காரணம் கிடைத்துவிடும். தொழிலைப் பதிவு செய்ய அதிகம் ஆகாது; சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60. பிறகு டெக்குன் போன்ற இடத்தில் கடன் கேட்டாலும் அந்த நோட்டு பேசும், அப்பாவின் பணத்தில் பாதியாவது மிஞ்சும்.

இன்னொன்று, இதைச் சீனத்து வியாபாரியும் சொல்லித்தர மாட்டார். தமிழெழுத்தைத் தனியாக வெட்டியெடுத்தால் துண்டு துண்டாக விழும். "முருகன்" என்று அறுத்துப் பாருங்கள். ன் மேலுள்ள புள்ளி தனியே கையில் வரும். கொம்பும் காலும் வரும் பெயர்களில் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் நிற்கும். எழுத்துகளை அடியில் ஒரு கோட்டால் இணைத்து வரைய வேண்டும், அல்லது பின்பலகையில் ஒட்ட வேண்டும். அச்சுத்தகடாக வெட்டினால் நேர்மாறு: ழ, ண போன்றவற்றின் சுழிக்குள் இருப்பது உதிர்ந்துவிடும், அங்கே பாலம் விட வேண்டும். சில மென்பொருள்களில் கொம்பு இடம் மாறியும் நிற்கும். ஆகையால் எழுத்தை வரைகோடாக மாற்றிய பிறகே இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். இதைப் பழக இயந்திரம் தேவையில்லை. கணினி ஒன்று போதும், இன்றிரவே தொடங்கலாம்.

ஆறு மாதம் கழித்து அந்த நோட்டுக் கணக்கை எனக்கு எழுதியனுப்புங்கள் சகோதரி. எந்த அளவு இயந்திரம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.