களைத்த கால்களும் நீவும் கைகளும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

விளையாட்டு விழா என்றதும் நம் நினைவுக்கு வருபவை எவை? கொடியேற்றம், அணிவகுப்பு, வெற்றிக் கோப்பை, கைதட்டல். வென்றவனைத் தோளில் தூக்குகிறோம்; தோற்றவனுக்கு ஆறுதல் கூறுகிறோம். மறுநாள் காலை அந்த இருவருமே மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கும்போது அருகில் எவரும் இருப்பதில்லை. ஓடுபவனுக்கு ஊக்கம் தரத் தெரிந்த நமக்கு, ஓடிக் களைத்த காலைப் பேணத் தெரியவில்லை. தசைகளை முறையாக நீவிப் பிடித்துவிடும் 'ஸ்போர்ட்ஸ் மசாஜ்' பணம் படைத்தோரின் சொகுசு என்றே பலரும் எண்ணுகின்றனர். அது பயிற்சியின் ஒரு பகுதி. நம்மைப் போன்ற அரசுக் கல்லூரிகளிலும் அது இடம்பெற வேண்டும் என்பதே என் கருத்து.

பழைய கலை

இது நேற்று வந்த மேனாட்டு நாகரிகம் அன்று. பழைய கிரேக்க நாட்டின் உடற்பயிற்சிக் கூடங்களில் வீரர்களுக்கு எண்ணெய் பூசித் தேய்த்துவிடவென்றே தனி ஆட்கள் இருந்தனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமம் நகரத்து வாள்வீரர்களுக்கு மருத்துவராக விளங்கிய கேலன், பயிற்சிக்கு முன் தேய்க்கும் முறை வேறு, பின் தேய்க்கும் முறை வேறு என்று பிரித்தே எழுதி வைத்தார்.

நம் நாடு மட்டும் பின்தங்கியதா? கேரளத்துக் களரியில், மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆசான் தம் பாதத்தாலேயே மாணவனின் உடலை உழிந்துவிடுவார். வடநாட்டு மல்யுத்தக் கூடங்களில் ஒருவருக்கொருவர் பிடித்துவிடுவது அன்றாட வழக்கம். குமரி மாவட்டத்து வர்ம ஆசான்கள் அடிமுறையோடு தடவுமுறையையும் கற்பித்தனர். அடிக்கத் தெரிந்தவனுக்கு ஆற்றவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நெறி.

அறிவியல் கூறுவது

இக்கலையின் அடிப்படைக் கைமுறைகள் சிலவே. உள்ளங்கையால் இதயத்தை நோக்கி நீவுதல், மாவு பிசைவதுபோல் தசையைத் திரட்டிப் பிசைதல், கட்டைவிரலால் ஓரிடத்தில் அழுத்தித் தேய்த்தல், கையோரத்தால் தட்டுதல், அதிரச் செய்தல் என ஐந்தாகப் பிரிப்பர். போட்டிக்கு முன்பு இலேசாகவும் விரைவாகவும் சில நிமிடங்கள். போட்டி முடிந்தபின் மெதுவாக. ஆழ அழுத்துவதெல்லாம் போட்டியில்லாத பயிற்சி நாட்களில் மட்டும். இதுவே பொது விதி.

இதனால் விளையும் பயன் என்ன? 'தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறது' என்று மைதானங்களில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியன்று. கடும் ஓட்டத்தில் மிகுந்துவிடும் லாக்டிக் அமிலம், ஓய்ந்த ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குள் இயல்பு நிலைக்கு வந்துவிடுகிறது. வலியோ மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சத்தை அடைகிறது. நேற்றே ஊருக்குப் போய்விட்ட விருந்தாளிமேல் இன்று பழி போடலாமா? பழக்கமில்லாத கடும் உழைப்பினால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவும், அதைத் தொடரும் அழற்சியுமே இவ்வலிக்குக் காரணம் என்பது இன்றைய விளக்கம்.

2012-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வு செய்தனர். 11 இளைஞர்களைக் களைக்கும்வரை சைக்கிள் மிதிக்கச் செய்து, ஒரு காலை மட்டும் 10 நிமிடம் பிடித்துவிட்டு, இரு கால்களிலிருந்தும் தசைத் துணுக்குகளை எடுத்து ஒப்பிட்டனர். பிடித்துவிட்ட காலில் அழற்சிக்கான குறிகள் குறைந்திருந்தன. லாக்டிக் அமிலத்தில் மட்டும் வேறுபாடு காணப்படவில்லை. 2018-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 99 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்து, களைப்புணர்வையும் தசைவலியையும் குறைப்பதில் மசாஜே முன்னிற்கிறது என்றனர். 2020-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வாளர்கள் 29 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். வேகத்தையோ, வலுவையோ, தாங்குதிறனையோ மசாஜ் கூட்டுவதாக அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. தசை நெகிழ்வில் சிறிது முன்னேற்றமும் பின்வலியில் சிறிது குறைவும் தெரிந்தன.

ஆக, மசாஜ் எவரையும் வேகமாக ஓடச் செய்யாது. ஆனால் இன்று ஓடியவன் நாளையும் மைதானத்திற்கு வருவதற்கு அது துணை செய்யும். நாள் தவறாமல் பயிற்சி செய்ய வேண்டியவனுக்கு அதுவே பெரிய உதவியன்றோ?

ஆகாதவை

நல்லதென்று சொல்லப்படும் எதற்கும் எல்லை உண்டு. என் வகுப்புத் தோழன் ஒருவன் கபடி வீரன். வெளியூர்ப் போட்டியொன்றில் எதிரணியினரின் முழங்கால் அவன் தொடையில் இடித்துத் தொடை வீங்கிவிட்டது. உடனே அங்கிருந்த ஒருவர் சூடான எண்ணெய் ஊற்றி, பலம்கொண்ட மட்டும் அழுத்தி உருவிவிட்டார். வீக்கம் இரட்டிப்பாயிற்று. அந்தப் பருவம் முழுவதும் அவன் எல்லைக்கோட்டுக்கு வெளியே அமர்ந்து மற்றவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். உருவியவருடைய நோக்கம் நல்லதே, அறிவுதான் போதவில்லை.

அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாட்கள் அவ்விடத்தில் சூடும் ஆகாது, அழுத்தமும் ஆகாது. உள்ளே கசியும் இரத்தத்தை அவை மிகுவிக்கும். அடிபட்ட தொடைத் தசையை அவசரப்பட்டுப் பிசைந்தால், தசைக்குள்ளேயே எலும்பு படியும் நிலையும் நேரலாம். கெண்டைக்கால் ஒருபுறம் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாயிருந்தால், இரத்தக் கட்டி உறைந்திருக்கக் கூடும். அதைத் தொடாமல் மருத்துவரிடம் அனுப்புவதே அறிவுடைமை. எலும்பு முறிவு, காய்ச்சல், தோல் தொற்று ஆகியவற்றிலும் கை வைக்கலாகாது. எப்போது தொடக்கூடாது என்பதுதான் இக்கலையின் முதற் பாடமாக இருக்க வேண்டும்.

கைக்கு மதிப்பு உண்டா?

2011-இல் உலகக் கோப்பையை வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியின் பதினொருவரையும் நம் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவர்களுடைய தசைகளைப் பேணிய ரமேஷ் மானே என்ற மசாஜ் வல்லுநரை எத்தனை பேர் அறிவர்? அடுத்தவர் காலைத் தொட்டுச் செய்யும் வேலை தாழ்ந்தது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. நம் ஊர்களில் முடிதிருத்தும் தொழில் செய்த குடும்பத்தாருக்கு 'மருத்துவர்' என்ற பெயரும் உண்டு. பிள்ளைப்பேறு பார்த்ததும், புண்ணுக்கு மருந்திட்டதும், சுளுக்கு எடுத்ததும் அவர்கள் கைகளே. அந்தக் கைகளின் திறமையை ஊர் வாங்கிக்கொண்டது. மரியாதையை மட்டும் திருப்பித் தரவில்லை. மேனாட்டில் சான்றிதழ் பெற்று ஒருவர் செய்தால் கலை, நம் தெருவில் ஒருவர் செய்தால் இழிதொழிலா? இக்கேள்விக்கு நாம்தான் விடை கூற வேண்டும்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடுதல் நம்பிக்கையின்மேல் நிற்பது. அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளுக்குச் சிகிச்சை செய்வதாகக் கூறிக் கொடுமை இழைத்த அணி மருத்துவர் லாரி நாசருக்கு 2018-இல் மிக நீண்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 150-க்கும் மேற்பட்ட பெண்கள் நீதிமன்றத்தில் தம் துன்பத்தைக் கூறினர். ஆகவே மாணவியர்க்குப் பெண்களே செய்ய வேண்டும். உடன் ஒருவர் இருக்க வேண்டும். 'வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால் கை அந்த நொடியே விலக வேண்டும். இவ்விதிகள் இல்லாத இடத்தில் மசாஜும் வேண்டியதில்லை.

உழைப்பவரும் வீரரே

என் தந்தை நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர். என் தாய் நாற்று நடுபவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஒரு நாள் முழுவதும் குனிந்து நிற்கும் இடுப்பும், ஒரு மூட்டையைத் தலையில் தாங்கும் கழுத்தும் செய்யும் வேலை எந்த மைதானத்துப் பயிற்சிக்குக் குறைந்தது? அவர்களுக்குப் பயிற்சியாளரும் இல்லை, பதக்கமும் இல்லை. 'உடம்பு வலிக்கிறது' என்று சொல்வதைக்கூடச் சோம்பலாக எண்ணி, வாய் மூடி உறங்கப் போகிறார்கள். கற்றுத் தேர்ந்த கை ஒன்று வீட்டுக்கு ஒன்று இருந்தால், அதன் பயன் விளையாட்டு வீரரோடு நின்றுவிடாது.

நாம் செய்யக்கூடியது

'கபடிக்கு விரிப்பே இல்லை. ஓடுபாதையில் நெருஞ்சி முளைத்துக் கிடக்கிறது. இதில் மசாஜ் ஒரு கேடா?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. விரிப்புக்கு இலட்சக்கணக்கில் பணம் வேண்டும். நான் கேட்பதற்கோ ஒரு பெஞ்சு, சில துண்டுகள், கொஞ்சம் எண்ணெய், ஒரு வார காலம் ஆகியவையே போதும். கையில் பணம் இல்லாத இடத்தில்தான் கையில் தொழில் இருக்க வேண்டும்.

மாவட்ட அரசு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவரை அழைத்து ஒரு வாரப் பயிற்சி நடத்தலாம். ஒவ்வோர் அணியிலிருந்தும் இருவரைத் தேர்ந்து, மாணவியர்க்கு மாணவியரையே தேர்ந்து, பழக்கலாம். தொடக்கூடாத நிலைகளைப் பெரிய எழுத்தில் எழுதி உடற்கல்வித் துறையின் சுவரில் ஒட்டலாம். கற்றவர்கள் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில், ஊராருக்குச் சுளுக்கிற்கும் முறிவுக்கும் உள்ள வேறுபாட்டையாவது சொல்லிக் கொடுக்கலாம். இவற்றுள் எதற்கும் அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பேராசிரியப் பெருமக்களும் உடற்கல்வி இயக்குநர் அவர்களும் இதனை எண்ணிப் பார்த்து ஆவன செய்ய வேண்டுகிறேன். வரும் கல்வியாண்டில் அவ்வகுப்பு தொடங்குமானால், தோளில் துண்டோடு முதல் வரிசையில் நிற்க நான் ஆயத்தமாயிருக்கிறேன். நண்பர்களே, நீங்களும் வருக!