கடலைமிட்டாயும் கடல்கடந்த சட்டமும்

"நம் ஊர்க் கடலைமிட்டாயை அமெரிக்காக்காரன் ஏன் துறைமுகத்தில் மடக்க வேண்டும்? இதுவும் ஒரு பொருளாதார யுத்தம்தானே?" என்று விஸ்வநத்தம் தோழர்கள் சிலர் நம்மைக் கேட்கிறார்கள். அச்சாபீஸில் லேபிளும் அட்டைப்பெட்டியும் அடித்துக் கொடுக்கிறவர்கள் அவர்கள். சரக்கு திரும்பினால் அடுத்த ஆர்டர் நிற்கும்; ஆர்டர் நின்றால் மிஷின் நிற்கும்; மிஷின் நின்றால் அடுப்பு நிற்கும். ஆகவே மிட்டாய் விஷயம்தானே என்று இதைத் தள்ளிவிட நமக்கு மனமில்லை. ஆனால் நம் பதில் தோழர்கள் எதிர்பார்க்கிற பதிலாக இராது.

2014-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சீனப் பட்டாசு கள்ளத்தனமாக வந்து இறங்கியபோது சிவகாசி வட்டாரமே கொதித்தது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே குரலில் சொன்னது என்ன? "அதில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. கந்தகத்தோடு குளோரேட்டைக் கலப்பதை இந்த நாடு 1992-லேயே தடுத்துவிட்டது. உரசினாலே உயிர் போகும்" என்றோம். அந்த ஆண்டு செப்டம்பரில் மத்திய சர்க்கார், அந்நியப் பட்டாசை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம் என்று அறிவித்தது. நாம் வரவேற்றோம். நம் உயிரைக் காக்கும் சட்டம் நியாயம், நியூஜெர்ஸித் தொழிலாளியின் குழந்தையைக் காக்கும் சட்டம் சதி என்று பேச முடியுமா? தராசு ஒன்றுதான் தோழர்களே!

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு பெற்றது. கரிசல் காட்டு நிலக்கடலை, வெல்லப்பாகு, தாமிரவருணித் தண்ணீர் என்று அதன் பெருமையை நாம் அறிவோம். மேலே தூவுகிற தேங்காய்த் துருவலை ரோஸ், பச்சை, மஞ்சள் என்று சாயமேற்றுவதும் அதன் அடையாளம். அந்தச் சாயத்தில்தான் முதல் சிக்கல். கார்மோய்சின், பான்ஸோ 4ஆர் என்ற இரண்டு சிவப்புச் சாயங்களை நம் நாட்டுச் சட்டம் அளவோடு அனுமதிக்கிறது. அமெரிக்கச் சட்டம் அறவே அனுமதிப்பதில்லை. ஐரோப்பாவோ அனுமதித்துவிட்டு, குழந்தையின் நடத்தையையும் கவனத்தையும் இச்சாயம் பாதிக்கக்கூடும் என்று பொட்டலத்தின் மேலேயே எழுதச் சொல்கிறது; 2010 முதல் இது கட்டாயம். ஒரே மிட்டாய், மூன்று நாட்டில் மூன்று விதி. எந்த நாட்டுக்குப் போகிறது என்று தெரியாமல் லேபிள் அடித்தால், அடித்தது குப்பைக்குப் போகும்.

சாயத்தை மாற்றிவிடலாம். நிலக்கடலையில் வரும் பூஞ்சை நஞ்சை என்ன செய்வது? அஃப்ளாடாக்சின் என்பது அதன் பெயர். கல்லீரலில் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. காய் முற்றும் காலத்தில் மழை பொய்த்தாலும், பறித்த காய் சரியாகக் காயாமல் மூட்டைக்குள் போனாலும் பூஞ்சை பிடிக்கும். வறுத்தாலும் முழுவதும் அழியாது. அமெரிக்கா 100 கோடிப் பங்கில் 20 பங்கு வரை பொறுத்துக்கொள்ளும். ஐரோப்பிய யூனியன், நேரே தின்னும் கடலையில் 4 பங்குக்கு மேல் விடாது. இந்தியாவிலிருந்து போகும் கடலையைக் கூடுதல் சோதனைப் பட்டியலிலும் வைத்திருக்கிறது.

இந்த நஞ்சை வெளியேற்றுகிற முதல் கருவி எந்திரம் அல்ல, பெண்ணின் கை. சுருங்கியது, உடைந்தது, நிறம் மாறியது என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எறிய வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கிலோக் கணக்கில் கூலி பேசினால் என்ன ஆகும்? வேகமாகப் பொறுக்கினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். வேகமாகப் பொறுக்கினால் கெட்ட பருப்பு நழுவும். நழுவிய சில பருப்புகள் ஒரு மூட்டையையே சோதனையில் தோற்கடிக்கப் போதும். பிறகு "ஆட்கள் கவனமில்லை" என்பார்கள்! கவனத்துக்குக் கூலி கொடுத்தார்களா என்று நாம் கேட்கிறோம். நாள் சம்பளம், நல்ல வெளிச்சம், உட்கார ஆசனம் இவை தொழிலாளி கேட்கும் சலுகையல்ல. மிட்டாய் கப்பலேறுவதற்கான நிபந்தனை.

இனிக் காகித மலைக்கு வருவோம். அமெரிக்காவுக்கு அனுப்ப, மிட்டாய் செய்யும் இடத்தை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தில் பதிய வேண்டும். அங்கே ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும். சரக்கு சேருமுன் முன்னறிவிப்புத் தர வேண்டும். 2011-இல் வந்த சட்டத்தின்படி, இங்கே செய்தவரின் பாதுகாப்பு முறைகளை அங்கே இறக்குமதி செய்பவர் சரிபார்த்தாக வேண்டும். லேபிளில் நிலக்கடலை இருப்பதை ஒவ்வாமைக்காகத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கனடாவுக்கென்றால் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் வேண்டும்.

இந்த மலையைப் பணக்காரன் ஏறிவிடுவான். இத்தாலியக் கம்பெனியான ஃபெரேரோவின் கிண்டர் முட்டையைப் பாருங்கள். சாக்லேட்டுக்குள் பொம்மை வைத்தது அது. மிட்டாய்க்குள் தின்ன முடியாத பொருளைப் புதைக்கக் கூடாது என்ற 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி அமெரிக்கா உள்ளே விடவில்லை. கம்பெனி என்ன செய்தது? பொம்மை ஒரு பாதி, இனிப்பு மறு பாதி என்று பிரித்து அடைத்த கிண்டர் ஜாயைக் கொண்டுபோய் இறக்கிவிட்டது. கோவில்பட்டியில் நான்கு பேரை வைத்துப் பாகு கிண்டுகிறவருக்கு வக்கீல் ஏது, ஆய்வுக்கூடம் ஏது? அவர் பெரிய ஏற்றுமதி வியாபாரியிடம் சரக்கைக் கொடுத்துவிட்டு, அவர் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். சட்டத்தின் நோக்கம் இருவருக்கும் பொது. சட்டத்தின் செலவு ஒருவரை மட்டும் நசுக்குகிறது.

தோழர்கள் சொல்லும் பொருளாதார யுத்தம் எங்கே இருந்தது என்றால், 2025-இல் வந்த தீர்வையில் இருந்தது. 2025 ஆகஸ்ட் 27 அன்று வாஷிங்டன் இந்தியச் சரக்கில் பெரும்பகுதியின் மேல் 50 சதவீதத் தீர்வை போட்டது. அதில் பாதி, ருஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனையாக இருந்தது. எண்ணெய் வாங்கியது யார்? கடலை பொறுக்கும் பெண்ணா? இப்படிப்பட்ட தீர்வை எப்போது வந்தாலும் எதிர்த்துக் குரல் கொடுப்போம், கொடுக்கவும் வேண்டும். பூஞ்சைச் சோதனையையும் தண்டனைத் தீர்வையையும் ஒரே மூட்டையில் கட்டிக் கூச்சல் போட்டால், எதிரி சிரிப்பான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. சோதித்ததில் ரோடமின்-பி என்ற தொழிற்சாலைச் சாயம் இருந்தது. அந்த மிட்டாயைத் தின்றது யார் குழந்தை? கடற்கரையிலும் திருவிழாவிலும் வாங்கித் தின்ற நம் குழந்தை. அயல்நாட்டுக்குப் போகும் பெட்டிக்கு ஒரு சுத்தம், உள்ளூர்ப் பெட்டிக்கடை ஜாடிக்கு ஒரு சுத்தம் என்பதை நாம் ஏற்பதற்கில்லை.

பொது ஆய்வுக்கூடம், பொது எந்திரம், குழுமம் என்று ஆளவந்தார்கள் எந்தப் பெயரில் எதைத் திறந்தாலும் நாம் முதலில் கேட்க வேண்டியது, சாவி யார் கையில் என்பதே. சிறு உற்பத்தியாளர் ஒரு மூட்டைக் கடலையைக் கொண்டுவந்தாலும் அடக்க விலையில் சோதித்துத் தர வேண்டும். முடிவைத் தமிழில் எழுதித் தர வேண்டும். வெளிநாட்டு விதி மாறும்போது அந்தச் செய்தி லேபிள் அடிப்பதற்கு முன்பே அச்சாபீஸுக்கு வந்து சேர வேண்டும். தப்பாக அடித்த லேபிளைத் திரும்ப அடிக்கும் செலவை மிஷின்மேன் கூலியில் பிடிக்கும் வழக்கம் எங்காவது இருந்தால், அதை அடுத்த சங்கக் கூட்டத்தில் விஸ்வநத்தம் தோழர்கள் எழுப்பட்டும்.