எடைக்கல்லுக்கு முத்திரை குத்துவது யார்?

டோல்கேட் கடைவீதியில் வியாபாரம் செய்யும் சகோதரர்களே! உங்கள் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் நீங்களே முத்திரை குத்திக்கொள்ள முடியுமா? முடியாது. அதிகாரி சோதித்து முத்திரையிட வேண்டும். இல்லையேல் அபராதம்!

இந்த நியாயம் உங்களுக்கு மட்டும்தானா? மத்திய அரசுக்குக் கிடையாதா?

பத்திரிகை தகவல் அலுவலகம், அதாவது பி.ஐ.பி., மத்திய அரசின் அமைப்பு. அதன் இணையதளத்தில் தமிழ், உருது, இந்தி, ஆங்கிலம் எனப் பல மொழிகளில் அன்றாடம் அரசுச் செய்தி வருகிறது. வரட்டும். அரசு தன் தரப்பைச் சொல்வதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் மொழி நம்முடையது என்பதால் குரலும் நம்முடையதாகிவிடுமா?

2019-ல் இதே பி.ஐ.பி. உண்மை சரிபார்ப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. 2023 ஏப்ரலில் தகவல் தொழில்நுட்ப விதிகள் திருத்தப்பட்டன. மத்திய அரசின் செயல்பாடு பற்றி எது பொய் என்று அரசே நியமிக்கும் பிரிவு சொல்லும். அந்தப் பதிவை விட்டுவைக்கும் சமூக ஊடக நிறுவனம் சட்டப் பாதுகாப்பை இழக்க நேரிடும். 2024 மார்ச் 20-ல் அந்த அதிகாரம் பி.ஐ.பி. பிரிவுக்கே தரப்பட்டது. சரக்கும் அவர்களுடையது, முத்திரையும் அவர்களுடையது!

மறுநாளே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அந்த விதி அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று செப்டம்பர் 20-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் மூன்றாவது நீதிபதி தீர்ப்பளித்தார்.

'நமக்கென்ன?' என்கிறீர்களா? 2023 டிசம்பரை மறந்துவிட்டீர்களா? மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரம்வரை எண்ணெய் படர்ந்தது. மீனவர் படகும் வலையும் கறுத்தன. மத்திய பொதுத்துறையைச் சேர்ந்த சி.பி.சி.எல். தன் குழாயில் கசிவு இல்லை என்றது. எண்ணெய் அந்த ஆலைப் பக்கமிருந்தே வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்தது. மத்திய அரசின் செயல்பாடு எதுவரை என்பதற்கு அந்த விதியில் வரையறையே இல்லை. அன்று அது நடைமுறையில் இருந்து, ஒரு மீனவ இளைஞன் கைப்பேசியில் எடுத்த படத்தின் மேல் 'பொய்' முத்திரை விழுந்திருந்தால்?

2025 வக்ஃப் திருத்தச் சட்டத்துக்கும் அரசு விளக்கம் வெளியிட்டது. அதே சட்டத்தின் சில பிரிவுகளை உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பர் 15-ல் நிறுத்தி வைத்தது. அரசின் விளக்கமே முடிவான உண்மை என்றால் நீதிமன்றம் எதற்கு?

இளைஞர்களே! ஆத்திரத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அரசின் தளத்தையும் படியுங்கள், மறுதரப்பையும் படியுங்கள். சந்தேகம் வந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுத்தில் கேளுங்கள். விசாரிக்காத செய்தியை வாட்ஸ்அப்பில் தள்ளிவிடாதீர்கள். நாம் பரப்பும் ஒவ்வொரு பொய்யும் அவர்கள் முத்திரைக்கு மை!

அரசு பேசட்டும். எத்தனை மொழியில் வேண்டுமானாலும் பேசட்டும். எடைக்கல்லை மட்டும் அடுத்தவர் சோதிக்கட்டும்!