கல்லாவில் ஏறாத செலவு

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஓய்வு கிடையாது. வைகுண்ட ஏகாதசிக்கு வரும் கூட்டத்துக்காக விடியுமுன்பே இட்லிக் கொப்பரை அடுப்பேறிவிடும். வியாபாரம் நன்றாக நடக்கட்டும். அந்த நாட்களில் கடைகளின் பின்வாசலில் சேர்வதை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

ரெண்டு இட்லி பார்சல் வாங்கினால் சாம்பாருக்கு ஒரு கவர், சட்னிக்கு ரெண்டு குட்டிக் கவர், எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள ஒரு பை. பாதிச் சாம்பார் அப்படியே நிற்க, முடிச்சுகூட அவிழாமல் அந்தக் கவர் குப்பைக்கு வருகிறது. எச்சில் இலை மட்டும் என்றால் மாடு தின்னும், இல்லாவிட்டால் மக்கி உரமாகும். இலைக்குள் கவர் சுருண்டு கிடந்தால், அந்தக் கவரும் மாட்டின் வயிற்றுக்குள் போகிறது. உரக்கூடத்துக்குப் போனாலோ, ஒரு தூய்மைப் பணியாளர் உட்கார்ந்து ஒவ்வொரு முடிச்சாகப் பிரிக்க வேண்டும். புளித்த சாம்பார் அவர் கையில்தான் வழிகிறது.

இந்தக் கவர்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. தடிமன் எவ்வளவு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் 14 வகைப் பொருட்களை அரசு விலக்கியது. முதல் சில மாதங்கள் தூக்குவாளியும் டிபன் கேரியரும் தெருவில் நடமாடின. பிறகு கவர் மெல்லத் திரும்பி வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. மஞ்சப்பையில் காய்கறி வாங்கலாம். சாம்பார் வாங்க முடியுமா?

“கஸ்டமர் கேட்கிறார், என்ன செய்ய?” என்கிறார்கள் கடைக்காரர்கள். எதைக் கொள்முதல் செய்வது என்று முடிவெடுப்பவர் கல்லாவில் இருப்பவர்தானே. லால்குடி, முசிறி, தொட்டியம் என்று சுற்றிலும் வாழை விளைகிற ஊர் இது. தேசிய வாழை ஆராய்ச்சி மையமே நம் திருச்சியில்தான் இருக்கிறது. இங்கே வாழை இலை மாதிரி அச்சடித்த பிளாஸ்டிக் தாளில் தோசையைச் சுருட்டித் தருவதை என்னால் ஏற்க முடியவில்லை. முகூர்த்த நாளில் இலைக்கட்டு விலை ஏறுவது உண்மைதான். அந்த ஏற்றத்துக்குப் பயந்து வாங்கும் கவருக்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள். அரியமங்கலம் குப்பைக்கிடங்கில் பல பத்தாண்டுகளாகக் குவிந்ததைத் தோண்டிச் சலித்துப் பிரிக்க ஆகும் செலவு நம் வரிப்பணம். எந்தக் கடையின் கணக்கிலும் அது ஏறுவதில்லை.

மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த, பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய வழக்கு அது. ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். அந்த ஐந்தில் திருச்சியும் ஒன்று. தோல் ஆலையையும் டிபன் கடையையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் அந்த நியாயம் இரண்டுக்கும் பொதுதான்.

கவரைவிட எண்ணெய் எனக்கு அதிகப் பயம் தருகிறது. வடைச்சட்டியில் கறுத்து நுரை கட்டிய எண்ணெய் ஒன்று சாக்கடைக்குப் போகிறது, அல்லது மலிவு விலைக்கு இன்னொரு அடுப்புக்குப் போகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற தீவில் சாக்கடை வேறு எங்கே போய்ச் சேரும்? திரும்பத் திரும்பக் காய்வதால் எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து விதி வைத்திருக்கிறது. பொரிக்க நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் செலவழிக்கும் கடைகள் கணக்கு எழுத வேண்டும். பழைய எண்ணெயை அங்கீகாரம் பெற்றவர்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். அது பயோடீசலாகிறது, காசும் கிடைக்கிறது.

நம் தெருக்கடைகளில் பல அந்த 50 லிட்டருக்குக் கீழேதான் இருக்கும். ஒரு கடையில் மிஞ்சுவது ஒரு டின்னுக்குக்கூடக் காணாது. அதற்காக யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள். அடுத்தடுத்த பத்துக் கடைகள் சேர்ந்து ஓரிடத்தில் டின்களை வைத்து, வாரம் ஒரு நாள் எடுத்துப்போகச் சொன்னால் என்ன? சாம்பாருக்கும் அதே கூட்டாளிகள் ஒரே மாதிரி எவர்சில்வர் தூக்குகள் வாங்கிப் போட்டு, முன்பணம் பிடித்துக்கொண்டு கொடுக்கலாம். எந்தக் கடையில் திருப்பிக் கொடுத்தாலும் பணம் வாபஸ். ஏகாதசிக் கூட்டத்துக்கு இது தாங்காது என்பார்கள். தினமும் வரும் வாடிக்கைக்காரர்களிடம், ஆடி மாதத்திலேயே ஆரம்பித்துப் பார்க்கட்டும்.