கோவிலம்பாக்கத்தில் படகு ஏற முடியுமா?

கடலுக்குப் போகும் தண்ணீர் வழியின் கதை

வீட்டு வாசலில் படகு வந்து நின்றது. பாட்டியைத் தூக்கி ஏற்றினார்கள். பிள்ளைகள் ஏறினார்கள். ரேஷன் கார்டு இருந்த பையை மறக்காமல் எடுத்துக்கொண்டு அம்மா ஏறினாள்.

இது கதை அல்ல. 2015 டிசம்பரில் சென்னையின் தெற்குப் புறநகர்களில் பல தெருக்களில் நடந்த காட்சி. மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டு வந்து மக்களை மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் மறுபடியும் படகு வந்தது.

அழுதுகொண்டே படகு ஏறும் ஊரில், சிரித்துக்கொண்டே படகு ஏற முடியாதா? கோவிலம்பாக்கத்தில் படகு ஏறி, வாய்க்கால் வழியாகவே போய்க் கடலைப் பார்த்துவிட்டு வர முடியாதா?

குழந்தை கேட்கும் கேள்வி போல இருக்கிறது. ஆனால் விளையாட்டுக் கேள்வி அல்ல.

தண்ணீர் போகும் பாதை

கோவிலம்பாக்கத்தில் ஆறு கிடையாது. ஏரிகள் உண்டு. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்கு வரும். அதுவும் நிரம்பினால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். இப்படிச் சுற்றுவட்டாரத்து ஏரிகள் பலவற்றின் தண்ணீர் அந்தச் சதுப்பு நிலத்தில்தான் வந்து சேர்கிறது.

அங்கிருந்து வெளியேறும் வாசல் ஒக்கியம் மடுவு. பழைய மாமல்லபுரம் சாலையில் துரைப்பாக்கத்தைத் தாண்டிப் போகிறவர்கள் அதன் பாலத்தைக் கடந்துதான் போகிறார்கள். பஸ்சில் இருந்து எட்டிப் பார்த்தால் தெரியும். மடுவு நீர் பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. கால்வாய் தெற்கே போய் முட்டுக்காட்டில் கழிமுகத்தோடு கலக்கிறது. கழிமுகம் கோவளம் அருகே கடலைச் சேருகிறது.

ஆக, வழி இருக்கிறது. மழைத் தண்ணீர் அந்த வழியில்தான் போகிறது. அப்படியானால் படகு போகுமா?

போகாது.

தடை எங்கே?

முதல் தடை, அந்தப் பாதையே ஒடுங்கிப் போனது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்ததாகக் கணக்கு. சாலை வந்தது. கட்டடங்கள் வந்தன. பெருங்குடியில் குப்பை மேடு வந்தது. பெரும் பகுதி மறைந்தது. கோவிலம்பாக்கம் வழியாகத் துரைப்பாக்கத்துக்குப் போகும் 200 அடிச் சாலையே சதுப்பு நிலத்தின் குறுக்கேதான் ஓடுகிறது.

மிச்சம் இருப்பதில் படகு விடலாம் என்று யாராவது சொன்னால் அதை ஒப்புக்கொள்ள முடியாது. 2022-ல் அது ராம்சார் தலம் ஆயிற்று. அதாவது, உலக நாடுகள் கூடிக் காக்க ஒப்புக்கொண்ட ஈர நிலங்களில் ஒன்று. குளிர்காலத்தில் தொலை தேசத்துப் பறவைகள் வந்து தங்கும் இடம். அங்கே விசைப்படகு இரைச்சல் கூடாது. கரையில் நின்று பறவைகளைப் பார்ப்பதே நல்லது.

அடுத்த தடை கால்வாய். ஆகாயத்தாமரை மூடுகிறது. சாக்கடை கலக்கிறது. சில பாலங்கள் தாழ்ந்து நிற்கின்றன.

பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்

இந்தக் கால்வாய் எப்போதும் இப்படி இருந்ததில்லை.

வெட்டும் வேலை 1806-ல் சென்னையில் இருந்து எண்ணூர் பக்கமாகத் தொடங்கியது. பிறகு வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் சோறு இல்லாமல் மடிந்தபோது, 1877-78-ல், பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அரை வயிற்றுக் கூலிக்கு மண் சுமந்தவர்கள் பெயர் எதிலும் இல்லை. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் நிலைத்துவிட்டது!

ஆந்திரத்தில் பெத்தகஞ்சாம் முதல் தமிழ்நாட்டில் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளம். உப்பு, விறகு, அரிசி எல்லாம் படகில் வந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். காற்று இல்லாவிட்டால் ஆட்கள் கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள்.

உல்லாசப் பயணமும் நடந்தது. 1934-ல் பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களோடு இதே கால்வாயில் தோணி ஏறி மாமல்லபுரம் போனார். அந்தப் பயணத்தை "மாவலிபுரச் செலவு" என்று கவிதையாகவே எழுதினார். இன்று அதே வழியில் புறப்பட்டால் என்ன ஆகும்? சேப்பாக்கம் முதல் திருவான்மியூர் வரை கால்வாய்க்குள் பறக்கும் ரெயிலின் தூண்கள் நிற்கின்றன. கவிஞரின் தோணி அங்கேயே நின்றுவிடும்.

மீண்டும் படகு விட அரசாங்கமும் எண்ணாமல் இல்லை. 2008-ல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான நீர்வழியைத் தேசிய நீர்வழி எண் 4-ல் சேர்த்து மத்திய அரசு அறிவித்தது. பக்கிங்காம் கால்வாயும் அதில் அடக்கம். ஆனால் அறிவிப்பினால் மட்டும் கால்வாய் ஆழமாகிவிடாது.

இப்போது எங்கே போகலாம்?

கோவிலம்பாக்கத்தில் இருந்து சுமார் 25 கிலோமீட்டரில் முட்டுக்காடு இருக்கிறது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984 முதல் அங்கே படகுத் துறை நடத்துகிறது. துடுப்புப் படகும் விசைப்படகும் உண்டு. கோவிலம்பாக்கத்தின் ஏரித் தண்ணீர் கடைசியில் வந்து சேரும் இடமும் இதுதான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

காலையில் போவது நல்லது. நண்பகல் வாக்கில் கடல் காற்று எழும்பும். அப்போது துடுப்பு போடுகிறவருக்குக் கை வலிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி மின்னல் இருந்தால் போகவே வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாட்சண்யம் பார்க்கக்கூடாது. படகில் ஏறும் ஒவ்வொருவரும், கைக்குழந்தை உட்பட, அளவான மிதவைச் சட்டை போட வேண்டும். "கரை பக்கத்தில்தானே இருக்கிறது" என்று படகுக்காரர் சொன்னாலும் கேட்கக்கூடாது. ஆள் கணக்கு மிஞ்சினால் இறங்கிவிட வேண்டும்.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் நாள். பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் போனவர்களின் படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7-ல் கேரளத்துத் தானூரில், அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்தது. அங்கேயும் 22 பேர். இரண்டிலும் குழந்தைகள் இருந்தார்கள்.

இரண்டு நாள் லீவு இருந்தால் பிச்சாவரம் போகலாம். சிதம்பரம் பக்கத்தில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது. ஆறு கடலைத் தொடும் முன் விரல் விரலாகப் பிரிவதை அங்கேதான் பார்க்க வேண்டும். சுரபுன்னைக் காடு தலைக்கு மேல் கூடாரம் போடும். எம்.ஜி.ஆர். நடித்த "இதயக்கனி" படத்தில் பெரியவர்கள் பார்த்த இடம்தான்.

முதலில் எது?

கோவிலம்பாக்கத்துப் படகுக்கு வருவோம். ஒக்கியம் மடுவு அகலமாகி, கால்வாய் ஆழமாகி, ஆகாயத்தாமரை அகன்றால், மடுவில் இருந்து முட்டுக்காடு வரை படகு விடுவது நடக்காத காரியம் அல்ல. ஆனால் அந்த வேலையின் முதல் பலன் உல்லாசப் படகு அல்ல. சதுப்பு நிலத்து வெள்ளம் தேங்காமல் கடலுக்கு ஓடும். தெருவுக்குள் படகு வர வேண்டிய தேவை குறையும்.

பாட்டிகள் கேட்பதும் அதைத்தான். பிள்ளைகள் கேட்கும் படகு அதன் பின்னால் வரட்டும்.