வெளிறிய கார் பலகைக்கு வீட்டிலேயே வர்ணம்

வெயிலில் நின்று நின்று எங்கள் பழைய காரின் கதவுப் பலகைகள் சாம்பல் பூத்தாற்போல் வெளிறிவிட்டன. "புதுசாவே மாத்திடலாம்" என்றார் என்னவர். விலையைக் கேட்டதும் பேச்சையே காணோம்! நான்கு பலகைகளுக்கும் நானே வர்ணம் அடித்தேன். ஒரு வருஷமாகியும் உரியவில்லை.

சகோதரிகளே, சூட்சுமம் வர்ணத்தில் இல்லை. அதற்கு முன் செய்யும் சுத்தத்தில்தான் இருக்கிறது. பளபளப்புக்காக நாம் தடவும் பாலிஷில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும். அதன்மேல் வர்ணம் ஒட்டாது. மெக்கானிக்கை விட்டுப் பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்தபின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். 600 நம்பர் வாட்டர் பேப்பரால், தண்ணீர் விட்டு இலேசாகத் தேய்த்து, மறுபடி துடைத்துக் காயவிடுங்கள்.

பலகையின் பின்புறம் 'பி.பி.' என்ற எழுத்து இருந்தால் அது பாலிபுரொப்பிலீன். வர்ணம் சுலபத்தில் பிடிக்காது. முதலில் 'அடெஷன் புரொமோட்டர்' ஸ்பிரே அடிக்க வேண்டும். அப்புறம் பிளாஸ்டிக்குக்கான மேட் ஸ்பிரே பெயிண்ட். ஓரடி தள்ளிப் பிடித்து, மெல்லிசாக 3 தடவை. நடுவில் டப்பாவில் போட்டிருக்கும் நேரம் பொறுங்கள். ஒரே தடவையில் அப்பினால் வழிந்துவிடும்.

மொட்டைமாடி போன்ற திறந்த இடமே நல்லது. அடுப்பு, விளக்கு பக்கத்தில் கூடவே கூடாது, சட்டென்று தீப்பிடிக்கும். துணி முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது. அதற்கென்று உள்ள வடிகட்டி முகமூடி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் கிட்டே வர வேண்டாம். பலகையை மாட்டிய பிறகும் வாடை முழுக்கப் போனபின்தான் குழந்தைகளைக் காரில் ஏற்றுங்கள்.

முக்கியமாக ஒன்று. ஸ்டீயரிங்கிலோ, டாஷ்போர்டிலோ, பக்கத் தூணிலோ 'ஏர்பேக்' என்று பொறித்திருந்தால் அந்த மூடியைத் தொடவே தொடாதீர்கள். விபத்தில் அது குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து காற்றுப்பைக்கு வழிவிட வேண்டும். மேலே வர்ணம் ஏறினால் கிழிகிற விதம் மாறக்கூடும். காய்ந்த வர்ணச் சில்லு முகத்தில் தெறிக்கவும் கூடும். அந்த இடம் வெளிறியே இருக்கட்டுமே! அழகைவிட உயிர் பெரிசில்லையா?