மேலே போனா வயசாகும், பாஸ்!

ஹாஸ்டல்ல உங்களுக்கு மேல் மாடி ரூமா? அப்போ கீழ் ரூம் நண்பனைவிட உங்களுக்குத்தான் சீக்கிரம் வயசாகுது! கிண்டல் இல்லை பாஸ், ஐன்ஸ்டீன் கணக்கு. பூமிக்குக் கிட்ட இருந்தா நேரம் மெதுவா ஓடும். உயரப் போகப் போக வேகமெடுக்கும்.

அரியலூர் மாவட்டத்து கங்கைகொண்ட சோழபுரத்தையே எடுத்துக்குங்க. ராஜேந்திர சோழன் கட்டிய விமானம் சுமார் 55 மீட்டர். உச்சியில ஒரு அணுக் கடிகாரம், தரையில ஒண்ணு வெச்சா, 1,000 வருஷத்துல மேலே இருக்கறது எவ்வளவு முந்தும் தெரியுமா? ஒரு செகண்டில் சுமார் ஐயாயிரத்தில் ஒரு பங்கு!

'ப்பூ, இவ்ளோதானா?'ன்னு உதட்டைப் பிதுக்காதீங்க. 1960-லேயே பவுண்ட், ரெப்கா என்ற ரெண்டு பேர், ஹார்வர்டில் வெறும் 22.5 மீட்டர் உயரத்துல இந்த வித்தியாசத்தை அளந்து காட்டிட்டாங்க.

இப்போ உங்க செல்போனுக்கு வழி சொல்ற ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுக்கு வருவோம். உயரத்தால அதோட கடிகாரம் தினமும் 45 மைக்ரோ செகண்ட் முந்தும். வேகமா சுத்தறதால 7 பிந்தும். மிச்சம் 38. அதுக்குள்ள ரேடியோ அலை 11 கி.மீ. ஓடிடும்! திருத்தாம விட்டா, மூணே நாள்ல தூரக் கணக்குல வர்ற பிசகு பெரம்பலூர் - அரியலூர் தூரத்தையே தாண்டிடும். அதனாலதான் அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் மெதுவா ஓடற மாதிரி செட் பண்ணியே மேலே அனுப்பறாங்க.

அடுத்த தடவை லேப்ல கடைசி டெசிமலை 'அட்ஜஸ்ட்' பண்றதுக்கு முன்னாடி, இதைக் கொஞ்சம் நினைச்சுக்குங்க!